தாருல் இஸ்லாமும் தமிழ் வாசகரும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிற சமயத்தாரும் விரும்பிப் படித்த இஸ்லாமிய இதழ்களுள் பா. தாவூத்ஷாவின் (1885–1969) ‘தாருல் இஸ்லாம்’ முதன்மையானது. வெளி வாசகருக்காக அவர் மார்க்கத்தை மறைக்கவில்லை, மொழிநடையையே மாற்றினார். அரபுச் சொற்கள் மலிந்த அன்றைய சமய நூல்களின் நடை முஸ்லிமல்லாதாருக்கு எட்டாததாயிருந்தது. தாவூத்ஷாவோ தூய தமிழில் எழுதியதுடன், எழுத்துப்பிழை காட்டுவோர்க்குப் பரிசும் அறிவித்தார். இன்று எந்த ஆசிரியர் அதற்குத் துணிவார்? கம்பனில் தோய்ந்து ‘இராமாயண சாயபு’ எனப் பெயர் பெற்ற அவர், தமிழறிஞர்க்கு அந்நியரல்லர்.

எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. ஜுமுஆக் குத்பாவும் தமிழில் அமைய வேண்டுமென அவர் வாதிட்டபோது உலமாக்களிற் பலர் சினந்தனர். வெளியாரை ஈர்த்த அதே தமிழ், சமுதாயத்துக்குள் பூசலுக்குக் காரணமாயிற்று. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. திருக்குர்ஆனின் தமிழாக்கத்தையும் விரிவுரையையும் அந்நடையிலேயே எழுதலானார்.