ஓர் எழுத்துப் பிழையும் பறிபோன பார்வையும்

அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்று கேட்டால் மூக்கு, நிறம், குணம் என்று ஒரு பட்டியலே சொல்வார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்று மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் இருக்கும் குட்டி மின் நிலையம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதேதான். இதை அப்பா கொடுப்பதில்லை. மகனுக்கும் மகளுக்கும் அம்மா மட்டுமே கொடுக்கிறாள். மருத்துவ உலகை நூறு ஆண்டுகளுக்கு மேல் குழப்பிய ஒரு நோய்க்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது.

1871ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர் ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார். நன்றாக இருக்கும் இளைஞன் ஒருவனுக்கு ஒரு கண்ணின் நடுப்பார்வை திடீரென மங்கும். வலி இருக்காது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்த கண்ணும் போய்விடும். அண்ணன், தம்பி, தாய்மாமன் என ஒரே குடும்பத்தில் பலருக்கு இது வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஆண்களே அதிகம்.

ஆண்களுக்கு அதிகம் வருவதால், ரத்தம் உறையாத ஹீமோபிலியாவைப் போல இதுவும் எக்ஸ் குரோமோசோம் கோளாறு என்று பலர் நினைத்தார்கள். ஆனால் கணக்கு உதைத்தது. ஹீமோபிலியா உள்ள ஆணின் மகள் வழியாக அந்த நோய் பேரனுக்குப் போகலாம். லேபர் நோயிலோ ஆண் வழியாக யாருக்குமே போகவில்லை. குடும்ப வரைபடங்களில் எல்லாக் கோடுகளும் பெண்கள் வழியாகவே இறங்கின. ஏன்?

விடைக்கான கதவு 1963ல் திறந்தது. ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதி, கோழிக்குஞ்சின் கரு செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக டி.என்.ஏ. இருப்பதைக் கண்டார்கள். 1981ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து முடித்தார்கள். மொத்தம் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் புரதம் செய்பவை 13.

1988ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் வாலஸ் குழுவினர் லேபர் நோய்க் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். 11,778வது இடத்தில் குவானினுக்குப் பதில் அடினின் இருந்தது. 16,569 எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்து! அதனால் என்.டி.4 என்ற புரதத்தின் 340வது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறினாலே பரம்பரை நோய் வரும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இதுதான்.

ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகிவிடும்? என்.டி.4 தனியாக வேலை செய்வதில்லை. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு புரோட்டான்களை வெளியே தள்ளும் ஒரு பெரிய இயந்திரத்தின் ஒரு பாகம் அது. ஒரு பாகம் சரியாகப் பொருந்தாவிட்டால் மின் உற்பத்தி குறையும், கசிவும் கூடும். மற்ற செல்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு செல்களுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும் என்பதால் அவைதான் முதலில் மடிகின்றன.

பின்னர் மேலும் இரண்டு பிழைகள் தெரிய வந்தன. என்.டி.1 புரதத்தில் அலனினுக்குப் பதில் த்ரியோனின், என்.டி.6 புரதத்தில் மெத்தியோனினுக்குப் பதில் வாலின். லேபர் நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேரிடம் இந்த மூன்றில் ஒன்று இருக்கிறது.

மூன்றாவது பிழைக்கு ஒரு சரித்திரக் கதையே உண்டு. 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, கனடாவின் கியூபெக் பகுதியில் குடியேறிய ஆண்களுக்கு மணம் முடிக்க சுமார் 800 பெண்களைக் கப்பலில் அனுப்பினார். 'மன்னரின் மகள்கள்' என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருத்தி 1669ல் கியூபெக் நகரில் மணம் செய்துகொண்டாள். இன்று கியூபெக்கில் இந்தப் பிழையைச் சுமக்கும் பலரின் வேர் அவளிடம் போய் முடிகிறது. இதை நிரூபிக்க உதவியவை டி.என்.ஏ. சோதனைகளும், திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என ஒன்று விடாமல் குறித்து வைத்த தேவாலயப் பதிவேடுகளும்தான்.

2017ல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பதிவேடுகளை வைத்தே இன்னொன்றையும் காட்டியது. பிழையைச் சுமந்த ஆண்களுக்குப் பாதிப்பு இருந்தும், மூன்று நூற்றாண்டுகளில் அந்தப் பிழை ஒழியவில்லை. காரணம் எளிது. ஆண் இதை யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால் அவன் படும் கஷ்டம் இயற்கையின் கணக்கில் ஏறுவதே இல்லை. பெண்களுக்கு பாதிப்பு குறைவு, பிழையோ அவர்கள் வழியாகத் தொடர்கிறது. இதற்கு 'தாயின் சாபம்' என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர்தான் கொஞ்சம் கொடுமை. சுமக்கும் எல்லோருக்கும் பார்வை போவதில்லை. புகைப்பிடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. 2015ல் ஐடெபெனோன் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு, வேறொரு பெண்ணின் நல்ல மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு கரு உருவாக்க பிரிட்டன் சட்டம் இயற்றியது. அந்த முறையில் 8 குழந்தைகள் பிறந்த செய்தி 2025 ஜூலையில் வெளியானது.

கப்பலேறிய அந்தப் பெண்ணுக்கு, தான் எதைச் சுமந்து வருகிறோம் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. அவளுடைய தப்பு இதில் எதுவும் இல்லை. இன்று ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம், இவ்வளவுதான் வித்தியாசம்.