மரபணுவைச் சுமக்கும் பாலிமர்கள்: ஹீமோபிலியா உள்ளோர் அறிய வேண்டியவை

ஹீமோபிலியா ஏ நோயில், இரத்தம் உறைவதற்குத் தேவையான 8-ஆம் காரணியை உருவாக்கும் மரபணு பழுதடைந்திருக்கும். சரியான மரபணுவைச் செல்களுக்குள் சேர்த்தால் உடலே அக்காரணியை உற்பத்தி செய்யும் என்பதே மரபணு சிகிச்சையின் அடிப்படை. எனினும், மரபணுவை அப்படியே இரத்தத்தில் செலுத்தினால் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஆகவே அதைப் பாதுகாத்துக் கொண்டுசெல்ல ஒரு கடத்தி தேவை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 5 நோயாளிகளுக்கு இச்சிகிச்சை சோதனை முறையில் அளிக்கப்பட்டது. அவர்களுடைய இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, மாற்றியமைக்கப்பட்ட லென்டிவைரஸ் மூலம் மரபணுவைச் சேர்த்து, கீமோதெரபிக்குப் பின் மீண்டும் உடலில் செலுத்தினர். 2024 டிசம்பரில் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை.

வைரஸ் இன்றி இயலாதா?

இதற்காகவே செயற்கைப் பாலிமர்கள் ஆராயப்படுகின்றன. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உடையது, பாலிஎத்திலீன்இமின் போன்ற பாலிமர் நேர்மின்னூட்டம் உடையது. இரண்டும் ஒட்டிச் சுருண்டு நுண்துகளாகின்றன. செல் அதனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 8-ஆம் காரணியின் மரபணு நீளமானது. சிறிய வைரஸ்களில் அதைச் சுருக்கியே அடைக்க வேண்டும். பாலிமருக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

சிக்கலும் அதே மின்னூட்டத்தில்தான் உள்ளது. அது மிகுந்தால் செல்லின் சவ்வு சேதமடையும். குறைந்தால் மரபணு வழியிலேயே கழன்றுவிடும். எனவே, பணி முடிந்ததும் உடலுக்குள் உடைந்து வெளியேறும் இணைப்புகளைக் கொண்ட பாலிமர்களை வடிவமைக்கின்றனர். உள்ளே சென்ற மரபணு நெடுநாள் செயல்படுவதும் இன்னும் கடினமாகவே உள்ளது. ஹீமோபிலியாவுக்குப் பாலிமர் வழிச் சிகிச்சை இன்று நடைமுறையில் இல்லை. கட்டணம் பெற்று அதை அளிப்பதாக எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குப் பங்கேற்பாளரிடம் பணம் பெறுவதில்லை.

இப்போது செய்ய வேண்டியவை

காரணி ஊசியை மருத்துவர் ஆலோசனையின்றி நிறுத்தாதீர்கள். ஏற்காடு மலையில் மாரமங்கலம் போன்ற ஊர்களில் வசிப்போர், காரணி எந்த மருத்துவமனையில் இருப்பில் உள்ளது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, அவசரத்தில் மலையிறங்க வாகன ஏற்பாட்டையும் செய்துகொள்வது அவசியம். மூட்டு வீங்கினால் அசைக்காமல், துணி சுற்றிய பனிக்கட்டி வைத்து, உடனே புறப்படுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் தரக்கூடாது; தசையில் ஊசி போடவும் கூடாது. தலையில் அடிபட்டால், இரத்தம் தெரியாவிட்டாலும், அன்றிரவு வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.