யோசெமிட்டி வனாந்தர அனுமதிச்சீட்டு

யோசெமிட்டி வனாந்தர அனுமதிச்சீட்டு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியெரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் வனாந்தரப் பகுதியில் இரவு தங்கி மலைநடை செல்வோர் பெறவேண்டிய அனுமதி ஆகும். ஒவ்வொரு பாதையின் தொடக்க இடத்திலிருந்தும் ஒரு நாளில் எத்தனை பேர் உள்ளே செல்லலாம் என்ற ஒதுக்கீடும், ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பும் இதனுடன் இணைந்தவை. பகலில் சென்று பகலிலேயே திரும்புவோருக்கு இவ்வனுமதி தேவையில்லை. ஆஃப் டோம் என்னும் பாறைமலையின் உச்சிக்குச் செல்வது மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

பூங்காவின் பரப்பளவு ஏறக்குறைய 3,080 சதுர கிலோமீட்டர். இதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட நிலம் சட்டப்படி வனாந்தரம். பெரும்பாலான பயணிகள் காணும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு, சாலைகள், விடுதிகள் எல்லாம் எஞ்சிய சிறு பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன.

சட்டப் பின்னணி

அமெரிக்கச் சட்டத்தில் வனாந்தரம் என்பது வெறும் காட்டைக் குறிக்கும் பொதுச்சொல் அன்று. 1964 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட வனாந்தரச் சட்டத்தின் கீழ் நாடாளுமன்றம் அறிவித்த நிலம் மட்டுமே இப்பெயருக்கு உரியது. அங்கு சாலை அமைத்தலும் இயந்திர ஊர்திகளைப் பயன்படுத்துதலும் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டத்தின் வரைவை எழுதிய ஹோவர்ட் சானைசர் அது நிறைவேறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் காலமானார். தொடக்கத்தில் 54 பகுதிகளாக ஏறக்குறைய 91 இலட்சம் ஏக்கர் நிலம் இச்சட்டத்தின் கீழ் வந்தது. இன்று அது 11 கோடி ஏக்கரைக் கடந்துள்ளது. யோசெமிட்டியின் வனாந்தரம் 1984 ஆம் ஆண்டின் கலிபோர்னியா வனாந்தரச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது.

நிலத்தின் இயற்கை நிலையைக் காப்பதோடு தனிமையை உணர்வதற்கான சிறந்த வாய்ப்பு இருத்தலையும் 1964 ஆம் ஆண்டுச் சட்டம் வனாந்தரத்தின் இயல்புகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆகவே நிலத்துக்கு எந்தச் சேதமும் இல்லாவிட்டாலும், கூட்டம் மிகுந்தால் அதுவே சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானதாகக் கருதப்படுகிறது. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் அதிகாரத்துக்கு அடிப்படையாக விளங்குவதில் இவ்வாசகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

வரலாறு

சியெரா மலைகளில் பெருங்குழுவாகச் செல்வது ஒருகாலத்தில் பெருமையாகக் கருதப்பட்டது. ஜான் மியூர் தலைமையேற்றிருந்த சியெரா கழகம் 1901 ஆம் ஆண்டு கோடையில் தன் முதல் மலைப்பயணத்தை யோசெமிட்டியின் டுவாலமிப் புல்வெளிக்கு நடத்தியபோது நூறு பேரளவில் கலந்துகொண்டனர். சமையற்காரர்களும் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளும் உடன் சென்றன. மலையை நேரில் கண்டவர்களே அதன் பாதுகாப்புக்காகக் குரல் கொடுப்பார்கள் என்பது கழகத்தின் எண்ணம். அது பொய்க்கவில்லை. ஆயினும் இத்தகைய பயணங்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததில் முகாமிட்ட புல்வெளிகள் மிதிபட்டும் மேயப்பட்டும் சிதைந்தன. பிற்காலத்தில் கழகமே குழுக்களின் அளவைக் குறைத்துக்கொண்டது.

1960களின் இறுதியில் வேறொரு மாற்றம் ஏற்பட்டது. நைலான் கூடாரங்களும் எடை குறைந்த அலுமினியச் சட்டமிட்ட முதுகுப்பைகளும் பரவலாகவே, கழுதையோ வழிகாட்டியோ இன்றி யாரும் பல நாட்கள் மலையில் தங்க முடிந்தது. வனாந்தரத்தில் இரவு தங்குவோரின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பன்மடங்கானது. ஏரிக்கரைகளில் தீ மூட்டிய கருந்தடங்கள் பெருகின; விறகு தேடியவர்கள் மரக்கிளைகளை முறித்தனர். இதன் விளைவாக 1970களின் தொடக்கத்தில் அனுமதிச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. முதலில் வனாந்தரம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் ஓரிரவில் எத்தனை பேர் தங்கலாம் என்று வரையறுக்கப்பட்டது. அப்பத்தாண்டிலேயே இம்முறை இன்றுள்ள தொடக்க இட ஒதுக்கீடாக மாற்றப்பட்டது.

ஒதுக்கீடு கணிக்கப்படும் முறை

இம்மாற்றத்துக்கு வழிவகுத்த ஆய்வுகளில் பூங்காவின் அறிவியலாளர் யான் வான் வாக்டென்டொங்கின் பங்கு முதன்மையானது. ஒவ்வொரு மண்டலத்தின் பரப்பு, அதிலுள்ள பாதைகளின் நீளம், அங்குள்ள மண்ணும் தாவரங்களும் சேதத்தைத் தாங்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு அம்மண்டலத்தின் கொள்ளளவு மதிப்பிடப்பட்டது. அதன்பின், பயணிகள் உண்மையில் எவ்வழியே நடந்து எங்கெங்கு தங்குகின்றனர் என்ற தரவுகளைக் கொண்டு, ஒவ்வொரு தொடக்க இடத்திலிருந்தும் எத்தனை பேரை அனுமதித்தால் எந்த மண்டலமும் கொள்ளளவை மீறாது என்பது கணிக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு மண்டலம் ஓரிரவுக்கு 60 பேரைத் தாங்கும் என்றும், ஒரு தொடக்க இடத்திலிருந்து செல்வோரில் பாதிப்பேர் முதல் இரவு அம்மண்டலத்தில் தங்குகின்றனர் என்றும் கொள்வோம். வேறு வழிகளில் வருவோர் அங்கு நாள்தோறும் 40 பேர் எனில் மீதமிருப்பது 20 இடங்கள். எனவே அத்தொடக்க இடத்துக்கு 40 பேர் வரை ஒதுக்கலாம்.

பயணி எந்நாளில் எந்தத் தொடக்க இடத்தில் நுழைகிறார் என்பதை மட்டுமே இம்முறை கட்டுப்படுத்துகிறது. உள்ளே சென்றபின் அவர் விதிகளுக்கு உட்பட்டு விரும்பிய இடத்தில் தங்கலாம். களைப்பாலோ மழையாலோ திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். கிராண்ட் கன்யன் போன்ற பூங்காக்களில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது என்பது அனுமதிச்சீட்டிலேயே எழுதப்படுகிறது. கணினி வலையமைப்புகளில் உள்ளே ஓடும் ஒவ்வொரு தரவுப்பொதியையும் பின்தொடராமல், நுழைவாயிலில் வரத்தைக் கட்டுப்படுத்தி நெரிசலைத் தவிர்ப்பதற்கு யோசெமிட்டியின் முறையை ஒப்பிடலாம். சிலர் திட்டத்திலிருந்து விலகினாலும் சராசரி பெரிதும் மாறாது என்பதே இதன் பலம்.

குழு அளவு வரம்பு

பராமரிக்கப்படும் பாதைகளில் செல்லும் குழுவில் அதிக அளவாக 15 பேர் இருக்கலாம். பாதையை விட்டுக் கால் மைலுக்கு மேல் (ஏறத்தாழ 400 மீட்டர்) விலகிச் செல்வதாயின் வரம்பு 8 பேர். இதைவிடப் பெரிய குழு இரண்டாகப் பிரிந்து தனித்தனி அனுமதி பெற்றாலும், பின்னர் ஒன்றாக நடக்கவோ அருகருகே தங்கவோ கூடாது.

ஒரே நிலத்தில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. முகாம் இடங்களைப் பற்றிய ஆய்வுகளின்படி, மனித நடமாட்டத்தால் ஏற்படும் சேதம் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. தொடப்படாத புல்வெளியில் முதல் சில இரவுகளே பெரும் சேதத்தை விளைவிக்கின்றன. ஏற்கனவே மண் இறுகிப்போன இடத்தில் மேலும் ஐந்து பேர் தங்குவதால் கூடுதல் இழப்பு மிகச் சிறிது. எனவே பலரும் நடந்து தேய்ந்த பாதையில் 15 பேரைப் பொறுத்துக்கொள்ளலாம். பாதையற்ற உயர்மலைப் புல்வெளியில் அதே 15 பேர் ஒருவர் பின் ஒருவராக ஒருமுறை நடந்தாலே புதிய தடம் தெரியத் தொடங்கும். கோடை மிகக் குறுகியதாகையால் அங்கு மிதிபட்ட செடிகள் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம்.

அண்டை வனாந்தரங்களில் எண்கள் வேறுபடுகின்றன. சில இடங்களில் ஆட்களையும் பொதி விலங்குகளையும் சேர்த்தே எண்ணுவதும் உண்டு.

அனுமதி பெறுதல்

ஒவ்வொரு தொடக்க இடத்தின் ஒதுக்கீட்டில் 60 விழுக்காடு பயண நாளுக்கு 24 வாரங்களுக்கு முன்னர் குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. எஞ்சிய 40 விழுக்காடு 7 நாட்களுக்கு முன்னர் முந்தி வருவோருக்குத் திறக்கப்படுகிறது. இரண்டும் கூட்டரசின் பொது முன்பதிவு இணையத்தளத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. முன்பதிவு செய்தவர் அனுமதிச்சீட்டைப் பூங்காவிலுள்ள அலுவலகத்தில் நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்போது பூங்காக் காவலர் விதிகளை விளக்குவார்.

விதிகளுள் முக்கியமானவை சில: நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளித் தங்க வேண்டும். உணவைக் கரடியால் திறக்க இயலாத கலனில் வைக்க வேண்டும். 9,600 அடிக்கு (ஏறத்தாழ 2,926 மீட்டர்) மேல் தீ மூட்டக்கூடாது; அவ்வுயரத்தில் மரங்கள் மெதுவாக வளர்வதால் விறகு விரைவில் தீர்ந்துவிடும். பயன்படுத்திய கழிப்பறைத் தாளையும் திரும்ப எடுத்துவர வேண்டும். கூட்டரசு விதிமீறலாகையால் இவற்றை மீறினால் தண்டத்தொகையோடு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

டொனகியூ கணவாய்

340 கிலோமீட்டர் நீளமுள்ள ஜான் மியூர் பாதை யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி மலையில் முடிகிறது. ஒரு முகமை தரும் அனுமதிச்சீட்டை வழியிலுள்ள பிற முகமைகளும் ஏற்றுக்கொள்வதால், யோசெமிட்டியில் நுழைபவர் தெற்கிலுள்ள வனாந்தரங்கள் அனைத்தையும் ஒரே சீட்டில் கடக்கலாம். 2010களின் முற்பகுதியில் இப்பாதைக்கான விண்ணப்பங்கள் விரைவாக உயர்ந்தன. நுழைவு ஒதுக்கீடு மட்டும் போதாமல், 2015 ஆம் ஆண்டு முதல் பூங்காவின் தென்கிழக்கு எல்லையிலுள்ள டொனகியூ கணவாய் வழியே வெளியேறுவோருக்கு நாளொன்றுக்கு 45 பேர் என்ற வரம்பு விதிக்கப்பட்டது.

ஆஃப் டோம்

2,695 மீட்டர் உயரமுள்ள இப்பாறையின் உச்சியை மனிதர் அடையவே இயலாது என்று 19 ஆம் நூற்றாண்டின் நில ஆய்வாளர்கள் எழுதினர். 1875 ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆண்டர்சன் பாறையில் துளையிட்டு இரும்பு ஆணிகளை அறைந்து ஏறினார். 1919 ஆம் ஆண்டு சியெரா கழகம் கடைசி 120 மீட்டர் சரிவில் கைப்பிடியாக இரண்டு கம்பிவடங்களை அமைத்தது. அதன்பின் மலையேற்றப் பயிற்சியில்லாதவர்களும் ஏறத் தொடங்கினர்.

2000களின் இறுதியில் கோடை வார இறுதிகளில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கம்பிவடங்களில் ஏறியதுண்டு. ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே இடைவெளியில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. இடியுடன் மழை வந்தால் விரைந்து இறங்க வழியில்லை. 2009 சூன் மாதம் ஈரமான பாறையில் ஒருவர் வழுக்கி விழுந்து இறந்தார். 2010 இல் வார இறுதிகளுக்கும் 2011 இல் எல்லா நாட்களுக்கும் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 400 ஆக இருந்த எண்ணிக்கை பின்னர் 300 ஆகக் குறைக்கப்பட்டது. அதில் 225 பகல்நடையினருக்கும் 75 வனாந்தரத்தில் தங்குவோருக்கும் உரியவை. முதன்மைக் குலுக்கல் மார்ச் மாதத்தில் நடைபெறுகிறது. ஒரு விண்ணப்பத்தில் 6 பேர் வரை கோரலாம். இரண்டு நாட்களுக்கு முன்னர் விண்ணப்பிக்கும் தினசரிக் குலுக்கலும் உண்டு. கம்பிவடங்களை முற்றிலும் அகற்றிவிடும் மாற்றுவழியும் அப்போது ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது.

எனினும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு பாதுகாப்பை உறுதி செய்துவிட்டது என்று கூற முடியாது. 2024 சூலை மாதத்திலும் மழையில் நனைந்த கம்பிவடப் பகுதியில் வழுக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். கூட்டம் குறைந்தாலும் கருங்கல் நனைந்தால் வழுக்கவே செய்கிறது. அன்றியும், பல மாதங்கள் காத்திருந்து பெற்ற அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டுமே செல்லுமாதலால், கருமேகத்தைக் கண்டும் திரும்பிச் செல்ல மனம் ஒப்பாதவர்கள் உண்டு. அனுமதிமுறையே உருவாக்கிய இவ்வழுத்தத்தைப் பற்றி விதிநூல்களில் போதிய கவனம் இல்லை.

விமர்சனங்கள்

பொதுநிலத்தில் நடப்பதற்குக் குலுக்கலில் வெல்ல வேண்டியிருப்பது முறையா என்ற கேள்வி தொடர்ந்து எழுப்பப்படுகிறது. 24 வாரங்களுக்கு முன்னரே விடுப்பைத் திட்டமிட இயலாத தொழிலாளர்களுக்கு இது பாதகமானது என்பர். மறுபுறம், குலுக்கல் இல்லாத காலத்தில் அலுவலக வாயிலில் விடியுமுன் வரிசையில் நின்றவர்களுக்கே சீட்டுக் கிடைத்தது. தொலைவிலிருந்து வருவோருக்கு அதுவும் நீதியாக இருக்கவில்லை. முன்பதிவு செய்துவிட்டு வராதவர்களால் இடங்கள் வீணாவதும், ஒரே குழுவினர் தனித்தனியாக விண்ணப்பித்துத் தம் வாய்ப்பைப் பெருக்கிக்கொள்வதும் பிற குறைகள். ஓரிடத்தில் ஒதுக்கீடு வைத்தால் கூட்டம் அருகிலுள்ள ஒதுக்கீடற்ற இடத்துக்கு நகரும் என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆஃப் டோமுக்கு அனுமதி கிடைக்காதவர்கள் அதைவிட உயரமான கிளவுட்சு ரெசுட்டு சிகரத்துக்குப் பகல்நடையாகச் செல்கின்றனர். அங்கு பகலில் செல்ல அனுமதிச்சீட்டுத் தேவையில்லை.