சமயத்தைச் சமூக வரலாறாகக் கற்றல்: ஆர். சம்பகலட்சுமியின் ஆய்வுப் பயணம்

முன்னுரை

தமிழகச் சமய வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் அடியார் புராணங்களையே துணையாகக் கொள்கிறோம். திருஞானசம்பந்தரோடு வாதிட்டுத் தோற்ற சமணர் எண்ணாயிரவர் மதுரையில் கழுவேறினர் என்னும் செய்தி, வகுப்பறைகளில் நடந்த நிகழ்ச்சியாகவே கூறப்படுவதுண்டு. புராணம் கூறுவதற்கும் கல்வெட்டுக் காட்டுவதற்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டுவது சமய வரலாற்றாசிரியரின் கடமையாகும். அக்கடமையை வாழ்நாள் பணியாக மேற்கொண்டவர் 2024ஆம் ஆண்டில் மறைந்த பேராசிரியர் ஆர். சம்பகலட்சுமி. அவர்தம் ஆய்வுப் பயணத்தை மதிப்பிடுவதோடு, அதிலிருந்து தமிழாசிரியர்களாகிய நாம் பெறத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

சிற்பத்திலிருந்து சமூகத்திற்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, அங்கேயே ஆசிரியப் பணியும் ஆற்றிய சம்பகலட்சுமி, பின்னர் புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு மையத்தில் பேராசிரியராக விளங்கினார். தமிழகத்து வைணவப் படிமக்கலை குறித்த அவருடைய ஆங்கில நூல் 1981இல் வெளிவந்தது. திருமாலின் திருவுருவங்களை இலக்கியம், ஆகமம், கல்வெட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் கற்ற அப்பயிற்சியே அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று எனலாம். இத்திருவுருவம் எப்போது, எங்கே, யாருடைய ஆதரவில் எழுந்தது என வினவத் தொடங்கினால், கலை ஆய்வு சமூக ஆய்வாக விரிவது இயல்பே.

1980இல் பர்ட்டன் ஸ்டைன் இடைக்காலத் தென்னிந்திய அரசும் சமூகமும் பற்றிய நூலை வெளியிட்டு, சோழ அரசைக் கூறுநிலை அரசு என விளக்கினார். மறு ஆண்டிலேயே சம்பகலட்சுமி அந்நூலுக்கு விரிவான ஆய்வு மதிப்புரை எழுதினார். கோட்பாடு எத்துணைக் கவர்ச்சியுடையதாயினும் சான்றோடு உரசிப் பார்த்தே அதனை ஏற்க வேண்டும் என்பது அவர்தம் நெறியாகும். 1996இல் வெளிவந்த வணிகம், கருத்தியல், நகராக்கம் பற்றிய நூலில், குடமூக்கு–பழையாறை, காஞ்சிபுரம் முதலிய ஊர்கள் கோயிலையும் வணிகத்தையும் கைத்தொழிலையும் சார்ந்து நகரங்களாக வளர்ந்தமையை அவர் எடுத்துக்காட்டினார்.

பக்தியும் அதிகாரமும்

1996இல் சர்வபள்ளி கோபாலுடன் இணைந்து ரொமிலா தாப்பர் சிறப்பு மலரைப் பதிப்பித்த சம்பகலட்சுமி, ஆழ்வார், நாயன்மார் பக்தி பற்றிய தம் கட்டுரை ஒன்றையும் அதில் சேர்த்தார். பக்தியும் எதிர்ப்புணர்வுமாகத் தோன்றிய இயக்கம் காலப்போக்கில் ஆதிக்க நிலையை எய்தியது என்பது அக்கட்டுரையின் மையக் கருத்தாகும். பதிகம் பாடுவாரைப் பற்றிய 1994ஆம் ஆண்டுக் கட்டுரையில், கோயிலில் பாடல் ஓதுதலை மக்களிடையே கருத்தைப் பரப்பிய தொடர்புச் சாதனமாக அவர் கண்டார்.

இப்பார்வையின் பயனைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டொன்றின் வழி அறியலாம். அங்குத் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தான். நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் முக்குறுணி நெல் வழங்கப்பட்டது. ஊர்தோறும் நடந்து பாடிய அடியாரின் பாடல், அரசன் அளந்த நெல்லைப் பெறும் பணியாகவும் ஆகிவிட்டது. பாடலின் சொல் மாறவில்லை. அதன் சமூக இடம் மாறிவிட்டது.

பூசலும் கல்வெட்டும்

சமயப் பூசல் பற்றிய கல்வெட்டுச் சான்றுகளை 1978இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் மறு ஆய்வு செய்தார். அவர் காட்டிய வழியில் நாமும் சில சான்றுகளை நோக்கலாம். சம்பந்தர் பாடல்களில் சமணர் மீதான கண்டனம் மிகுதியாக உண்டு. ஆயின் கழுவேற்றச் செய்தி அவற்றில் இல்லை. பின்வந்த நம்பியாண்டார் நம்பியின் நூல்களிலேயே அது இடம்பெறுகிறது. சம்பந்தருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் சமணக் குடைவரையைப் புதுப்பித்தான். பூசல் இருந்தது, எனினும் சமணம் அழிந்துபோகவில்லை.

கடாரத்தோடு தொடர்புடைய நமக்கு மற்றொரு சான்று இன்னும் நெருக்கமானது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்குச் சைவனாகிய இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். கடல் வணிகமும் அரசுறவும் சமயக் கொடையும் இங்கு ஒரே செப்பேட்டில் இணைந்து நிற்கின்றன.

மதிப்பீடு

கருத்தியல் நோக்கில் மட்டும் பக்தியை அணுகினால் பாடலின் உணர்ச்சி பின்தள்ளப்படும் என்னும் ஐயம் எழலாம். அவ்வையம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஃப்ரீட்ஹெல்ம் ஹார்டி ஆழ்வார் பாடல்களையும், இந்திரா பீட்டர்சன் தேவாரத்தையும் பாடலின் உள்ளிருந்தே விளக்கினர். அவர்களுடைய ஆய்வுகளோடு சேர்த்துக் கற்கும்போதுதான் சம்பகலட்சுமியின் ஆய்வு முழுப் பயன் தரும் என்பது நம் கருத்து.

முடிவுரை

2011இல் வெளிவந்த சமயம், மரபு, கருத்தியல் பற்றிய நூல் அவர்தம் நெடுநாள் உழைப்பின் திரட்சியாகும். தேவாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், பாடலின் சுவையோடு ஒரு கல்வெட்டையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். பல சமயத்தார் கூடி வாழும் நம் நாட்டில், பழம்பூசலைக் கூட்டியும் குறைத்தும் கூறாது சான்றளவில் கூறுவது வெறும் ஆய்வொழுக்கம் மட்டுமன்று. நாளை அடுத்த இருக்கையில் அமரும் பிற சமயத்து மாணவனை நம் மாணவன் எவ்வாறு நோக்குவான் என்பதும் அதனைப் பொறுத்ததே.