வேறு வேலைக்குப் பிறந்த மருந்துகள்

விக்கிரமங்கலத்தில் ஒரு குழந்தைக்கு உதட்டில் நீலநிற வீக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமுக்கினால் அடங்கும், அழுதால் புடைக்கும். கிரகணத்தின் மேல் பழி போடுவார்கள். உண்மையில் அது கருவிலேயே கோணலாக உருவான சிரைகளின் கொத்து; தாய் மேல் எந்தத் தவறும் இல்லை. இன்று பெரும்பாலும் ஊசி மருந்தாலேயே அதைச் சுருக்குகிறார்கள்.

சிரைக்குள் மருந்து செலுத்தும் வழக்கம் பழையது. 1656இல் ஆக்ஸ்போர்டில் இறகுத் தண்டையும் விலங்கின் சிறுநீர்ப்பையையும் சேர்த்துக் கட்டி, நாயின் சிரைக்குள் மருந்தைச் செலுத்தினார் கிறிஸ்டோபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்தவரும் இவரே.

1853இல் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் பிரவாஸ், திருகத் திருகச் சொட்டும் வெள்ளிச் சிரிஞ்சு செய்தார். ரத்தத்தை உறைய வைக்கும் இரும்பு உப்பைச் செலுத்தத்தான் அந்த ஏற்பாடு. பலரும் அதைப் பின்பற்றிச் சிரைகளில் ஊசி போட, சீழும் ஆபத்தும் பெருகின. 1894இல் அதே லியோனில் கூடிய மருத்துவ மாநாடு, சிரைக்கு ஊசியே வேண்டாம் என்றது.

இதற்கிடையில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் மிட்செல் என்பவர் 1871இல் கார்பாலிக் அமிலத்தை ஆலிவ் எண்ணெயில் கலந்து மூலத்துக்கு ஊசி போட்டார். அந்த ரகசியம் நாடோடி வைத்தியர்களுக்கு விலைக்குப் போனது. சிகாகோ மருத்துவர் ஆண்ட்ரூஸ்தான் அதைத் துப்பறிந்து வெளியிட்டார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் மேகநோய்க்கு ஊசி போட்டவர்கள், குத்திய சிரை இறுகிப்போவதைக் கண்டார்கள். தொல்லையே வைத்தியமானது. மரத்துப்போகச் செய்யப் பிறந்த பாலிடோகனால், சிரைக்கு மருந்தானது. 1960களில் ஜப்பானின் உமெசாவா மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்த புற்றுநோய் மருந்து பிளியோமைசினும் இதே வழியில் வந்து சேர்ந்தது.

இத்தாலியரான டெசாரி காட்டிய உத்தி நம் டீக்கடைக்காரருக்குப் புரியும். இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து, ஒரு பங்கு மருந்தையும் நான்கு பங்கு காற்றையும் இங்குமங்கும் இருபது முறை ஆற்றினால் வெண்நுரை வரும். நுரை ரத்தத்தை ஒதுக்கித் தள்ளிச் சிரைச் சுவரைத் தொடும்.

இன்றைய ஊசி மருந்துகளில் எது உசத்தி? தூய ஆல்கஹால் வலிமையானது. நரம்பையும் தோலையும் சுட்டுவிடலாம். நுரை சாது, பலமுறை போட வேண்டிவரும். பிளியோமைசின் அதிகம் வீங்க வைக்காது, அதனால் கண், தொண்டை அருகே உதவும்; அளவு மீறினால் நுரையீரலுக்குக் கேடு. எல்லா வீக்கத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மருந்து, ஏன் அது, எத்தனை முறை?