புயல் எப்படி உருவாகிறது? கீரப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இட்லிப் பானையை வைத்தே சொல்லலாம்

அக்டோபர் பிறந்தாலே டிவியில் 'காற்றழுத்த தாழ்வுப் பகுதி' என்ற வார்த்தை வந்துவிடும். பெரியவர்கள் ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி என்று யோசிப்பார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான்: "நாளைக்கு லீவா?" புயலைப் பற்றிச் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கடலூர் மாவட்டம் கீரப்பாளையம் வட்டாரத்தில் 2011 டிசம்பர் 30 காலையை மறந்த பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்த நாள் அது. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு தானே வெறும் பெயர்தான்.

அடுப்படியில் தொடங்கலாம்

இட்லிப் பானையைக் காட்டுங்கள். கீழே சூடு, நடுவில் தண்ணீர், மேலே எழும் ஆவி, மூடியில் முத்து முத்தாகத் துளிகள். வங்கக்கடலில் நடப்பதும் இதுதான். கடல்நீரின் வெப்பம் சுமார் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அந்தச் சூடு கொஞ்சம் ஆழம் வரைக்கும் இருந்தால், ஈரக்காற்று மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். காற்று மேலே போய்விட்டதால் கீழே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப நாலா பக்கத்துக் காற்றும் ஓடி வருகிறது.

"ஆவி பட்டா ஏன் அவ்வளவு சுடுது?" என்று பிள்ளைகள் கேட்டால், புயலின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மறுபடி துளியாக மாறும்போது அதை வெளியே விட்டுவிடுகிறது. மேகத்துக்குள் இப்படி வெளியாகும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது, கீழே அழுத்தம் இன்னும் குறைகிறது. கடல்தான் புயலுக்கு அடுப்பு. தரைக்கு வந்ததும் அடுப்பு அணைந்த மாதிரி. அதனால்தான் கரையைக் கடந்த பிறகு காற்று தணிகிறது.

ஏன் சுற்றுகிறது?

ஒரு அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் குண்டூசி குத்துங்கள். ஒரு பிள்ளை அட்டையை இடஞ்சுழியாகச் சுற்றட்டும். இன்னொரு பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் நடுவிலிருந்து நேர்கோடு இழுக்கட்டும். கோடு வலது பக்கம் வளைந்துவிடும். பூமி சுற்றுவதால் காற்றுக்கும் இதே கதிதான். மையத்தை நோக்கி ஓடி வரும் காற்றெல்லாம் வலது பக்கம் விலகுவதால், நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இந்த விலகல் இல்லாததால் அங்கே புயல் பிறப்பது அபூர்வம்.

அமெரிக்கா பக்கம் 'ஹரிகேன்', ஜப்பான் பக்கம் 'டைஃபூன்', நம் ஊரில் புயல். மூன்றும் ஒன்றுதான். 'சைக்ளோன்' என்ற சொல் 1840-களில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கொடுத்தது. பாம்பு சுருண்ட மாதிரி என்று அர்த்தம்.

பெயர் எப்போது?

காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். அதுவரை தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பெயர்களை 13 நாடுகள் தருகின்றன. 'தானே' மியான்மர் தந்தது, 'கஜா' இலங்கை தந்தது. இந்தியா கொடுத்த பட்டியலில் 'முரசு' என்ற தமிழ்ப் பெயரும் இருக்கிறது. இதைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

கூண்டைப் பற்றியும் கேட்பார்கள். கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. 10 என்றால் பெரும் ஆபத்து. 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

எந்தப் பக்கம் கடக்கிறது என்பதுதான் முக்கியம்

டிவியில் வரைபடம் வரும்போது இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். புயல் நமக்கு வடக்கே, புதுச்சேரி பக்கம் கடந்தால், சிதம்பரம் பகுதியில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்கு வீசும். தெற்கே, நாகப்பட்டினம் பக்கம் கடந்தால் காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி வரும். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கரையோரங்களில் அலை ஏறும் ஆபத்து அப்போதுதான் கூடுதல்.

புயலின் கண் நேராக மேலே வந்தால் திடீரென்று எல்லாம் அடங்கிவிடும். 'விட்டுடுச்சு' என்று வெளியே ஓடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும்.

இதையெல்லாம் விட பிள்ளைகள் மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. 'புயல் வலுவிழந்தது' என்ற செய்தி காற்றைப் பற்றியது, மழையைப் பற்றியது அல்ல. 2020 டிசம்பரில் புரெவி, ராமநாதபுரம் பக்கமே வலுவிழந்து நின்றுவிட்டது. ஆனால் அது கொட்டிய மழையில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2024-ல் ஃபெஞ்சல் நவம்பர் 30-ல் கடந்தது; கடலூரை தென்பெண்ணை வெள்ளம் சூழ்ந்தது அதற்கு அடுத்த நாட்களில். வெள்ளாறும் அப்படித்தான். சேலம் பக்கத்து மலைகளில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதுகூட வந்து சேரலாம்.

ஆகவே லீவு விட்ட நாளில் வாய்க்காலில் மீன் பிடிக்கவும், தண்ணீர் பார்க்கவும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைப் பார்த்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் பிள்ளைகள் கையாலேயே எழுதவைத்து சுவரில் ஒட்டிவிடுங்கள்.