விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் தேர்வுக்கான ஆங்கிலப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிப் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று விருதுநகர். இம்மாவட்டத்தின் சிவகாசி வட்டாரம் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களுக்கும், ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர் சிக்கலுக்கும் பெயர்பெற்றது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் ஆங்கிலம் என்னும் பாடம் எவ்வாறு கற்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய மூன்றனுள் முதலிரண்டும் வினாத்தாளின் வழியாக ஏழை மாணவருக்கும் எட்டின என்பதும், தேர்வு செவிமடுக்காத உச்சரிப்பு, பொருள்வசதி உடையோரின் உடைமையாகவே நின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: விருதுநகர், சிவகாசி, ஆங்கிலக் கல்வி, பொதுத்தேர்வு, உச்சரிப்பு, குற்றியலுகரம், குழந்தைத் தொழிலாளர்.

1. முன்னுரை

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து 1985 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட காமராசர் மாவட்டமே 1997 முதல் விருதுநகர் மாவட்டம் என வழங்குகிறது. மழை குறைந்த கரிசல் நிலமும், வணிகத்தையும் சிறுதொழிலையும் நம்பிய ஊர்களும் இதன் அடையாளங்கள். மேனிலைப் பொதுத்தேர்வில் இம்மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநில முதலிடம் பெற்றது. 2017 ஆம் ஆண்டு 97.85 விழுக்காடும், 2018 ஆம் ஆண்டு 97.05 விழுக்காடும் பெற்று முதலிடத்தில் நின்றது. 2017 ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்விலும் 98.55 விழுக்காட்டுடன் முதலிடம் இதற்கே கிடைத்தது.

இத்தேர்ச்சி விழுக்காட்டினுள் ஆங்கிலமும் அடங்கும். வீட்டிலோ தெருவிலோ வேலையிடத்திலோ ஆங்கிலத்தைக் கேட்டிராத முதல் தலைமுறை மாணவர் பல்லாயிரவர் அப்பாடத்தில் தேர்ச்சி பெற்றனர் என்பது சிறிய செய்தியன்று. அத்தேர்ச்சி எதனை அளந்தது, எதனை அளக்காமல் விட்டது என்பதை வரலாற்று நிலையில் காண்பது தேவையாகிறது.

2. மகமைப் பள்ளியும் மெட்ரிகுலேஷன் தேர்வும்

1857 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வே, மாகாணத்தின் உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் நுழைவாயிலாக இருந்தது. ஆங்கில அறிவின்றி அவ்வாயிலைக் கடக்க இயலாது. 20 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டின் தொடக்கத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தபோதும் ஆங்கிலத்தின் இடம் குறையவில்லை.

விருதுப்பட்டி என வழங்கிய விருதுநகரில் நாடார் வணிகர்கள் தம் வணிகத்தின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமை நிதியைக் கொண்டு கல்விப் பணியில் இறங்கினர். 1880களின் இறுதியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இம்முயற்சியின் விளைவாகும். வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்கு அளிக்கும் 'பிடியரிசி' முறை இவ்வூரின் கல்வி வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. 1910 இல் பொறையாற்றில் தொடங்கப்பெற்ற நாடார் மகாஜன சங்கம் கல்வி உதவியைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. கோயில் நுழைவு முதலிய உரிமைகள் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திற்கு, ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை ஒன்று தேவைப்பட்டது. நீதிமன்றத்தில் வழக்குரைக்கவும், அரசுக்கு விண்ணப்பம் எழுதவும், வெளியூர் வணிகக் கடிதங்களைக் கையாளவும் அத்தேவை எழுந்தது. இவற்றுட் பெரும்பாலானவை எழுத்துவழிப் பயன்பாடுகள் என்பது கருதத்தக்கது.

1903 இல் இவ்வூரில் பிறந்த காமராசர் இப்பள்ளியில் பயின்றவர். தந்தையை இளமையிலேயே இழந்து, படிப்பை இடையில் நிறுத்திக் கடைப்பணிக்குச் சென்றவர். பின்னாளில் சிறைவாசத்தின்போது அவர் ஆங்கிலம் படிக்கப் பழகினார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் பரவலாகக் கூறும் செய்தி. தேர்வின் பொருட்டின்றி, தேவையின் பொருட்டுக் கற்கப்பட்ட ஆங்கிலத்திற்கு இம்மண்ணிலேயே கிடைக்கும் சான்றாக இதனைக் கொள்ளலாம். அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் (1954–1963) பள்ளிகள் பெருகின. 1956 இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பெருகிய பள்ளிகள் ஆங்கிலத்தை முன்பு எட்டாத வீடுகளுக்கும் கொண்டு சென்றன. ஆனால் அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் பலரும் அம்மொழியைப் பேசிப் பழகாதவர்களாக இருந்தனர்.

3. 27,000 ஆசிரியர்களுக்கான பயிற்சி

இக்குறையைப் போக்கச் சென்னை மாநிலம் மேற்கொண்ட முயற்சி ஆங்கிலக் கல்வி வரலாற்றில் உலக அளவில் பேசப்படுவது. பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் 1959 அளவில் தொடங்கிய அத்திட்டம், தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. சிலர் பயிற்சி பெற்றுப் பலருக்குப் பயிற்றுவித்தல், அப்பலர் மேலும் பலருக்குப் பயிற்றுவித்தல் என்னும் படிநிலை முறையில் அமைந்ததால், உருளும்தோறும் பெருகும் பனிப்பந்தின் பெயரால் அது அழைக்கப்பட்டது.

அமைப்புமுறை எனப்பட்ட அன்றைய கற்பித்தல் கோட்பாடு, தேர்ந்தெடுத்த வாக்கிய அமைப்புகளையும் வரையறுத்த சொற்களையும் படிப்படியாக, வாய்மொழிப் பயிற்சியின் வழிப் பதியச்செய்வது. கோட்பாட்டளவில் பேச்சுக்கே முதலிடம். ஆனால் படிநிலைதோறும் ஆசிரியரின் உச்சரிப்பு மூலத்திலிருந்து விலகிச் செல்வதைத் தடுக்க அம்முறையில் வழியில்லை. ஒலிப்பதிவுக் கருவி எட்டாத சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரின் குரலே ஒரே முன்மாதிரி. வாக்கிய அமைப்பைத் தாளில் எழுதி அனுப்ப முடிந்தது. ஒலியை அவ்வாறு அனுப்ப முடியவில்லை.

1968 சனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தின் வழி இருமொழிக் கொள்கை உறுதியானபோது, தமிழோடு ஆங்கிலம் மட்டுமே பள்ளி மொழியாயிற்று. 1978 இல் மேனிலைக் கல்வி அறிமுகமானதும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என இரு இடங்களில் ஆங்கிலத் தேர்வு மாணவரை எதிர்கொண்டது. அமைப்புமுறையின் மீதான மனநிறைவின்மையிலிருந்து என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் செயல்வழிக் கற்பித்தலைச் சோதித்துப் பார்த்தார். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் கல்வியில் கற்பிக்கப்படும் அச்சோதனை, நிகழ்ந்த மாநிலத்தின் பொதுத்தேர்வு வினாத்தாளை மாற்றவில்லை.

4. தீப்பெட்டித் தொழிலும் பள்ளி வருகையும்

1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பி.அய்ய நாடார், ஏ.சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியது. பட்டாசும் அச்சும் அதனைத் தொடர்ந்தன. நாட்காட்டி, நோட்டுப்புத்தகம், பாடநூல் ஆகியன அச்சான அதே ஊரைச் சுற்றிய சிற்றூர்களில், விடியுமுன் வரும் தொழிற்சாலைப் பேருந்தில் சிறுவர் சிறுமியர் ஏறிச் சென்றனர். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்களின் வேலை. 1983 இல் வெளிவந்த சுமிது கோத்தாரியின் கட்டுரை இந்நிலையை நாட்டின் பார்வைக்குக் கொணர்ந்தது. 1986 ஆம் ஆண்டின் சட்டமும், 1988 இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும், எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.1996 அன்று வழங்கிய தீர்ப்பும் அடுத்தடுத்த மாற்றங்கள். பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என அத்தீர்ப்பு பணித்தது.

வேலையிலிருந்து மீட்கப்பட்டோர் சிறப்புப் பள்ளிகளில் பயின்று பின்னர் முறைசார் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். கணக்கையும் தமிழையும் இம்மாணவர் ஓரளவு வாழ்க்கையிலிருந்தே கொண்டுவந்தனர். கட்டை எண்ணிக் கூலி கணக்கிட்ட சிறுமிக்குப் பெருக்கல் புதியதன்று. ஆங்கிலத்திற்கு அத்தகைய முன்னறிவு ஏதுமில்லை. ஆதலின் பத்தாம் வகுப்பைக் கடப்பதில் ஆங்கிலம் இவர்களுக்குத் தனித்த தடையாக அமைந்தது. அத்தடையில் இடறியவர் திரும்பிச் செல்லத் தொழிற்சாலை அருகிலேயே இருந்தது. இப்பின்னணியில் நோக்கும்போது, 35 மதிப்பெண் என்னும் எல்லைக்கோடு இவ்வட்டாரத்தில் பெற்ற எடை விளங்கும்.

5. வினாத்தாளின் வடிவமும் பயிற்சியின் வடிவமும்

மெல்லக் கற்போர் எனப்படுவோரை அந்த எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்வதற்கென ஒரு பயிற்சி மரபு பள்ளிகளில் உருவாயிற்று. காலை, மாலைச் சிறப்பு வகுப்பு, தொடர் சிறுதேர்வு, வினாத்தாளைப் பகுத்து எளிய பகுதிகளை முதலில் பழக்குதல் ஆகியன அதன் கூறுகள். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2018–19 வரை இரு தாள்களாக இருந்தது. ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், சுருக்கக் குறியீட்டின் விரிவு, கூட்டுச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு ஆகியன சொல்வளப் பகுதியில் இடம்பெற்றன. வினைவடிவம், செயப்பாட்டுவினை, நேர்கூற்று அயற்கூற்று மாற்றம், பிழைதிருத்தம் ஆகியன இலக்கணப் பகுதியில் அமைந்தன. மனப்பாடச் செய்யுள், கடிதம், வரைபடம் பார்த்து வழிகூறுதல் முதலியன உறுதியான மதிப்பெண் தரும் பகுதிகளாகக் கருதப்பட்டன.

இம்முறையை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குதல் பொருந்தாது. இலக்கண மாற்றங்களைத் திரும்பத் திரும்பச் செய்த மாணவர் ஆங்கில வாக்கியத்தின் உறுப்புகளை இனங்காணக் கற்றனர். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் தமிழ் இலக்கண அறிவு அதற்குத் துணையாயிற்று. தனிப்பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இப்பயிற்சியை அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் கட்டணமின்றி அளித்தன. தேர்வு எதனைக் கேட்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் பயிற்சி எல்லோருக்கும் பொதுவானது.

பேச்சுக்குரிய கூறுகளையும் இத்தேர்வு எழுத்தாகவே மாற்றிக்கொண்டது. உரையாடலை எழுதுக என்பது வினா, உரையாடுக என்பதன்று. வழிகேட்பவருக்கு வழி சொல்வதும் தாளில் எழுதும் விடையே. இவ்வகையில் குறிப்பிடத்தக்கது அசைபிரித்தல் வினா. ஓர் ஆங்கிலச் சொல்லை அதன் ஒலியலகுகளாகப் பிரிப்பது செவியால் செய்ய வேண்டிய செயல். தமிழ்த் தாளில் இதே மாணவர் குறட்பாவை அலகிட்டு வாய்பாடு எழுதுகிறார். தமிழ் யாப்பின் அசை ஆங்கில ஒலியலகோடு முற்றிலும் ஒத்ததன்று. நிரையசை இரண்டு உயிர்களைக் கொண்டது. எனினும் தமிழில் எழுத்தைப் பார்த்தே குறில், நெடில், ஒற்று அறிந்து அலகிட முடியும். ஆங்கிலத்தில் எழுத்து ஒலியைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒலியைக் கேட்டிராத மாணவர் பிரித்த வடிவத்தையே மனப்பாடம் செய்தார். விடை சரியாயிற்று, சொல் செவிக்கு எட்டவில்லை.

6. தமிழ் ஒலியமைப்பும் ஆங்கில உச்சரிப்பும்

பயிற்சி பெறாத நாவில் ஆங்கிலச் சொற்கள் கொள்ளும் வடிவம் ஒழுங்கற்ற பிழையன்று. தமிழ் இலக்கண நூலார் வகுத்த விதிகளே அங்குத் தொழிற்படுகின்றன. மெய்ம்மயக்கம் தமிழில் மொழிமுதலில் வாராது. ஆகவே 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. ஆகவே 'புக்' என்பது குற்றியலுகரம் பெற்றுப் 'புக்கு' என ஒலிக்கிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றின் ஒலிப்புடைமை தமிழில் சூழலால் அமைவது, பொருள் வேறுபடுத்துவதன்று; ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு பொருளையே மாற்றும். ஆங்கில உச்சரிப்பைத் தமிழெழுத்தில் தரும் வழிகாட்டி நூல்கள் இவ்விடத்தில் மாணவருக்கு முழுத்துணை ஆவதில்லை. குண்டூசியைக் குறிக்கும் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் 'பின்' என்றே எழுதப்படும்.

சொல்லழுத்தம் மற்றொரு தடை. 'ரெக்கார்ட்' என்பது முதலசையில் அழுத்தம் பெற்றால் பெயர், இரண்டாமசையில் பெற்றால் வினை. தமிழில் அழுத்தம் இவ்வாறு சொல்லின் வகையை மாற்றுவதில்லையாதலின் மாணவர் அதனைச் செவியால் பிரித்தறியப் பழகவேண்டும். எழுத்துத் தேர்வு இதனைக் கேட்பதில்லை. கேட்காததைப் பயிற்றுவிக்கத் தேர்ச்சியை நோக்கிய கால அட்டவணையில் இடமுமில்லை.

இவ்விடைவெளி பள்ளிக்குள் தெரிவதில்லை. கல்லூரி நேர்காணலிலும் வேலைத் தேர்விலும் அது முதன்முறையாக வெளிப்படுகிறது. இத்தகைய இடங்களில் உச்சரிப்பு அறிவின் அளவுகோலாகத் தவறாகக் கொள்ளப்படுவதும் உண்டு. ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் பயின்றவருக்கு வகுப்பறைச் சூழலே அளித்த ஒன்றை, தமிழ்வழியில் பயின்றவர் பள்ளிப்படிப்பு முடிந்தபின் கட்டணம் செலுத்திப் பெறவேண்டியதாயிற்று.

இதனை மாற்றும் முயற்சிகள் இல்லாமலில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012–13 இல் பேசுதல், கேட்டல் மதிப்பீட்டைக் கொணர்ந்து 2017 இல் கைவிட்டது. தமிழ்நாட்டில் 2018–19 முதல் வந்த புதிய பாடநூல்கள் கேட்டல் பயிற்சிகளையும் விரைவுக் குறியீட்டு வழி ஒலி, ஒளிப் பதிவுகளையும் கொண்டுள்ளன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் ஆங்கிலப் பேச்சுத்திறனையும் பயிற்சிகளுள் சேர்த்துள்ளது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019–20 முதல் ஒரே தாளாயிற்று. அத்தாளும் எழுத்துத் தாளே.

7. முடிவுரை

பிடியரிசியில் வளர்ந்த பள்ளி முதல் மாநில முதலிடம் வரையிலான விருதுநகரின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. தேர்வு எதனைக் கேட்கிறதோ அதனைக் கற்பிக்கும் ஆற்றல் இவ்வட்டாரப் பள்ளிகளுக்கு உண்டு. சொல்வளத்தையும் இலக்கணத்தையும் தேர்வு கேட்டது. தீப்பெட்டிக் கட்டை அடுக்கிய கைகளுக்கும் அவற்றைப் பள்ளி கொண்டு சேர்த்தது. உச்சரிப்பைத் தேர்வு கேட்கவில்லை. அது வீட்டுச் சூழலுக்கும் கட்டண வகுப்புக்கும் விடப்பட்டது.

ஆகவே குறை மாணவரின் நாவிலோ, தேர்ச்சிக்காக உழைத்த ஆசிரியரின் முறையிலோ இல்லை. மதிப்பீட்டின் வடிவில் உள்ளது. பேசுதலும் கேட்டலும் பொதுத்தேர்வில் சிறு பங்கேனும் பெறுமாயின், எழுத்துப் பயிற்சியைப் பொதுமையாக்கிய அதே உழைப்பு ஒலிப் பயிற்சியையும் பொதுமையாக்கும் என எதிர்பார்க்க இடமுண்டு. அவ்வாறு செய்யும்போது குற்றியலுகரம், மொழிமுதல், மொழியிறுதி விதிகளை அறிந்த தமிழாசிரியரின் பங்கும் ஆங்கில வகுப்புக்குத் தேவைப்படும். தமிழின் ஒலி எங்கே முடிந்து ஆங்கிலத்தின் ஒலி எங்கே தொடங்குகிறது என்பதை மாணவருக்கு எடுத்துக்காட்ட அவ்விதிகளே ஏற்ற கருவியாகும்.